காப்புக் கட்டிய வாரத்து ஊசி

“நாலு எழுத்துப் படிச்சிட்டா ஆத்தாளையே எதுத்துக்குவியா நீ?” என்று அண்ணன் கேட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன், நெல்லித்தோப்பில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை வீட்டில் தாளிக்கக் கூடாது, உடம்பில் ஊசி குத்தக் கூடாது. அந்த வாரம்தான் அங்கன்வாடியில் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் படுத்துக் கிடக்கிற பன்றியைக் கடித்த கொசு பிள்ளையைக் கடித்தால் போதும், நோய் வந்தபின் மருந்தே கிடையாது என்று சொன்னேன். அண்ணன் தன் நாலு வயது மகனை அனுப்பவில்லை. திருவிழா முடிந்தும் நான் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றான்.

ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் விடுதியில் இருந்தேன். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். வலிப்பு வந்த பிறகுதான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். செய்தி கேட்டு நானும் விடுதியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். தடுப்பூசி போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். போடவில்லை என்று நான்தான் சொன்னேன்.

உயிர் மிஞ்சியது. தெருவில் பந்து உதைத்தவனுக்கு இப்போது தலை நிற்பதில்லை. ஊட்டிய கஞ்சி கழுத்தில் வழிகிறது. பெற்றவளைப் பார்க்கிற மாதிரியேதான் ஃபேனையும் பார்க்கிறான்.

பழி என்மேல் விழுந்தது. “நீ வாய வெச்ச, வந்துடுச்சி” என்றான் அண்ணன். தண்ணீர் பிடிக்கப் போனால், நர்சம்மா வர்றாங்க, புள்ளைங்கள உள்ள இழுத்துக்குங்கடி என்று குழாயடியில் சிரித்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

இந்த ஆடியிலும் காப்புக் கட்டினார்கள். அண்ணியின் கைக்குழந்தைக்குப் பத்து மாதம். மூளைக்காய்ச்சல் ஊசியை ஒன்பது மாதம் முடிந்ததுமே போட்டிருக்க வேண்டும். தீமிதி முடியட்டும் என்றான் அண்ணன், அதே குரலில். காலையில் அவன் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு, மீன் படகுகளில் ஐஸ் ஏற்றப் போனதும், அண்ணி குழந்தைக்குச் சட்டை மாட்டி என் கையில் கொடுத்தாள். நான் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் அவன் வந்தபோது குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டாச்சு என்று நானே சொன்னேன்.

“ஆத்தா சும்மா விடமாட்டா.”

அண்ணி மூத்தவன் வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “இவன மட்டும் விட்டாளா?” என்றாள்.

அண்ணன் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனான். ஒன்றரை வயதில் இன்னொரு ஊசி இருக்கிறது. அதற்கும் நானே தூக்கி வருவேன் என்று சுகாதார நிலையத்தில் காலையிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தேன்.