எரிகிறது என்று சொன்ன பிறகும்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். கணீரென்ற குரல். கிளட்ச்சை விடத் தெரியாமல் வண்டியைத் துள்ள வைக்கிறவர்களிடம்கூடக் கோபப்பட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே தொல்லை முகப்பரு. பள்ளிக்கூட வயதில் வந்தது. நாற்பதைத் தொட்ட பிறகும் காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரனைப் போல நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் தங்கிவிட்டது.

பக்கத்து இருக்கையில் உட்காருகிற வேலை. முதல் நாள் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் கண் சாலையில் நிற்காது. "ரோட்டைப் பாரும்மா, அதுலயும் இதே மாதிரி மேடு பள்ளம் நிறைய இருக்கு" என்று மேடமே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவார். வீட்டில் அந்தச் சிரிப்பு இருக்காது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்பார். கணவர் வாசலில் செருப்பை மாட்டியபடி, அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரண்டு முறை லைசென்ஸ் தேர்வில் கோட்டைவிட்டு, மூன்றாம் முறை தேறியதும் மேடத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள். அதிலிருந்து அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து கதையளப்பாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத மேடத்துக்கு அவள் தங்கையாகவே ஆகிப்போனாள்.

நர்ஸ் வேலை பார்த்தது தோல் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில். பருவுக்கு ஒரு புதுக் களிம்பைச் சோதிக்கப் போகிறார்கள் என்று அவள்தான் சேதி கொண்டுவந்தாள்.

"பாதிப் பேருக்கு மருந்து இருக்கிற களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாதுக்கா. ஆனா நான் கூடவே இருப்பேன்."

"எனக்கு வெறும் களிம்பு வந்துட்டா?"

"நஷ்டம் ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷம் பூசினதெல்லாம் என்ன வேலை செஞ்சுது?"

மேடம் சிரித்துவிட்டார். சேர்ந்தும்விட்டார்.

ஒவ்வொரு முறை போகும்போதும் நர்ஸ் பூதக்கண்ணாடியை வைத்து நெற்றி, கன்னம், தாடை என்று தனித்தனியாகப் பருக்களை எண்ணுவாள். ஒருவர் எவ்வளவு பூசியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, திருப்பிக் கொடுக்கும் டியூபை எடைபோட்டு அலமாரியில் பத்திரப்படுத்துவாள். இரவில் பட்டாணி அளவு, அதற்கு மேல் கூடாது என்பது உத்தரவு. மேடம் அதை இம்மியும் மீறவில்லை.

கொஞ்ச நாளில் கன்னம் எரிய ஆரம்பித்தது. வெயிலில் போனால் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது. தோல் உரிந்தது.

"எரியுது. டாக்டர்கிட்ட சொல்லேன்" என்றார் மேடம்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்க்கா. நடுவுல விட்டுடாதீங்க. நான் சொல்லிடறேன்."

அடுத்த முறையும் சொன்னார். அதே பதில். வேறு யார் சொல்லியிருந்தாலும் மேடம் நிறுத்தியிருப்பார். சொன்னது அவள் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார். ஒரு காலையில் இடது கன்னம் வீங்கி, நீர் கசிந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. கணவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் களிம்பை நிறுத்தினார். வீக்கம் வடிந்தது. கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குக் கருமை தங்கிவிட்டது. நர்ஸ் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மேடம்தான் அவளைத் தேற்றினார்.

ஆய்வு முடிந்ததும், பங்கேற்ற எல்லோரையும் அழைத்து நன்றி சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. களிம்பு நன்றாக வேலை செய்கிறது, ஆபத்தில்லாதது என்று டாக்டர் விளக்கினார். "ஒரே ஒருத்தருக்குத்தான் முகம் வெந்துபோச்சு. சீக்கிரம் குணமாகணும்னு அவங்க அளவுக்கு மீறிப் பூசிட்டாங்க. அது மருந்தோட குறை இல்லைங்கறதால முடிவுல சேர்க்கல."

மேடத்துக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்ததும் எழுந்தார்.

"அளவுக்கு மீறிப் பூசினேன்னு யார் சொன்னாங்க டாக்டர்?"

டாக்டர் திகைத்தார். "நீங்கதானே நர்ஸ்கிட்ட சொன்னதா..."

நர்ஸ் பின்வரிசையில் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் நடையில் அவளை நிறுத்தினார் மேடம்.

"எரியுதுன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீங்கக்கா. நான்தான் டாக்டர்கிட்ட சொல்லல. ஏற்கெனவே நாலஞ்சு பேர் நடுவுல நின்னுட்டாங்க, நீங்களும் போயிட்டா என்னைத்தான் திட்டுவார். அப்புறம் வீங்கினதும், ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டார். பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"என் மேல பழியைப் போட்டுட்டு, என் வீட்டுக்கே வந்து அழுதியே."

"நீங்கதானேக்கா, ஒண்ணும் நினைக்க மாட்டீங்கன்னு..."

அந்த வார்த்தைதான் மேடத்தைக் கொன்றது. வெளியாளாக இருந்திருந்தால் அவள் பயந்திருப்பாள். தன் மனுஷி என்பதால்தான் துணிந்திருக்கிறாள்.

மறுவாரம் ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழுவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் அலமாரியில் இருந்த அவருடைய டியூப்களை எடுத்து மறுபடி எடைபோட்டார்கள். சொன்ன அளவுக்கு மேல் துளியும் குறையவில்லை. மேடத்துக்கு வந்தது மருந்துள்ள களிம்பு என்பதும் உறுதியானது. நர்ஸ் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். மேடத்தின் பெயரில்லாமல் அவருடைய பாதிப்பு முடிவில் சேர்ந்தது. சிலருக்குக் கடுமையாக எரியும், உடனே நிறுத்த வேண்டும் என்று எச்சரிக்கையும் எழுதினார்கள். டாக்டர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். விசாரிக்காமல் விட்டது தன் தவறு என்றார்.

பிறகு வேறொரு மருத்துவர் கொடுத்த பழைய மாத்திரையிலேயே பரு மெதுவாக அடங்கியது. கருமை மங்கியது, முழுசாகப் போகவில்லை.

ஒருநாள் நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். "அக்கா, ஒரு தடவை பேசுங்க. திட்டவாவது திட்டுங்க."

"திட்டணும்னு நானும் நினைச்சேன். வாய் வரல" என்றார் மேடம். "உனக்குக் கெடுதல் வரணும்னு நினைக்கல. ஆனா வீட்டுக்கு வராதே. எரியுதுன்னா எரியுதுன்னு நம்புற ஆள்தான் எனக்கு வேணும்."

காரில் புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். மேடம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். இரண்டு முறை அழுத்தியும் கொக்கி விழவில்லை. அந்தப் பெண் குனிந்து மாட்டிவிட்டாள்.