டென்மார்க்கில் உறைந்துபோன தாய்மாமன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, டென்மார்க்கில் கோல்டிங் என்ற ஊரில், நண்பர் வீட்டு ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேலே பட்டுச் சட்டை, கீழே குளிருக்குப் போட்ட கம்பளி பேன்ட். சிரிக்காதீர்கள். வீடியோ காலில் வருகிற தாய்மாமனுக்கு இதுதான் யூனிஃபார்ம்.

திருச்சியில் என் தங்கை மகள் நித்யாவுக்கு அன்று நிச்சயதார்த்தம். அவளுக்கு அப்பா இல்லை. எங்கள் வழக்கப்படி, தாய்மாமன் சபையில் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். நானோ டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு தமிழ் விழாவில் பேச ஒப்புக்கொண்டு டிக்கெட் போட்டாயிற்று. மாப்பிள்ளைக்கு லீவு அந்த வாரம்தான்... வேறு வழி?

“தாய்மாமன் இல்லாம என்ன நிச்சயம்?” என்று மாப்பிள்ளையின் அப்பா ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருந்தார். நான் நேரில் இருப்பது போலவே வீடியோவில் வருவேன் என்று தங்கை அவரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். நித்யாவோ, கட்டினால் இந்தப் பையனைத்தான் என்று இருக்கிறாள். ஆக, என் ஒரு வார்த்தையில் அவள் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சும்மா கிளம்பவில்லை. இ-சிம், ஹெட்செட், பவர் பேங்க், அடாப்டர் எல்லாம் ரெடி. வெளிநாட்டில் தடங்கலில்லாமல் இன்டர்நெட் கால் பேசுவது எப்படி என்று இதே பத்தியில் உங்களுக்கு உபதேசம் செய்தவன் ஆயிற்றே! முந்தின நாளே டெஸ்ட் கால் போட்டுப் பார்த்தேன். தங்கை வீட்டுச் சுவரில் பல்லி ஓடியது கூடத் தெரிந்தது.

நண்பர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. தேத்தண்ணியை நீட்டிவிட்டுச் சொன்னார்: “பயப்பிடாதேங்கோ அண்ணை. இஞ்சை லைன் ஒருநாளும் விழாது.”

உண்மைதான். லைன் விழவில்லை. நான்தான் விழுந்தேன்.

என் தங்கை பாசக்காரி. எங்கள் இரண்டு பேருக்காக நான் அனுப்பிய மீட்டிங் லிங்க்கை, குடும்ப குரூப்பில் தூக்கிப் போட்டுவிட்டாள். எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்படட்டுமாம்! துபாய் சித்தப்பா வந்தார். கோயம்புத்தூர் அத்தை வந்தார். நான் பார்த்தே இராத முகமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஒருவராவது மியூட் போட வேண்டுமே? எங்கோ மிக்ஸி ஓடியது. எங்கோ குக்கர் விசிலடித்தது. “ஹலோ, கேக்குதா?” என்று ஒருவர் கேட்க, “கேக்குது, கேக்குது” என்று பத்துப் பேர் பதில் சொல்ல... இத்தனை முகங்களைத் தங்கை வீட்டு இன்டர்நெட் எப்படித் தாங்கும், பாவம்?

சரியாக அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: “தாய்மாமன் என்ன சொல்றாரு?”

“பரிபூரண சம்மதம்!” என்று கத்தினேன். தூரம் கூடக் கூட நமக்குத் தொண்டையும் கூடும் இல்லையா? தெருவில் நாயோடு போய்க்கொண்டிருந்த டேனிஷ்காரர் நின்று ஜன்னலைப் பார்த்தார். நாயும் பார்த்தது.

திருச்சியில் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. அங்கே பெரிய டிவியில் என் முகம் அப்படியே உறைந்து நின்றது, தங்கையின் கேமரா வழியாக எனக்கே தெரிந்தது. நல்லபடியாக உறைந்திருக்கக் கூடாதா? பாதிக் கண் மூடி, உதடு கோணி, வேப்பங்காயைக் கடித்தவன் மாதிரி! நான் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லையே தவிர, அவர்கள் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

“அவருக்கு இஷ்டமில்ல போலிருக்கே...” என்றபடி மாப்பிள்ளையின் அப்பா எழுந்துகொண்டிருந்தார்.

அப்பா இல்லாத பெண். அவள் கல்யாணத்தை என் கோணல் மூஞ்சியா நிறுத்த வேண்டும்?

“இஞ்சை பிழையில்லை அண்ணை. அங்காலை ஆக்கள் கூடிப்போச்சு” என்றார் சிவநேசன். மாடியிலிருந்து இறங்கி வந்த அவர் மகள், என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் டேனிஷில் ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?” என்றேன்.

“படம் என்னத்துக்கு எண்டு கேக்கிறாள். அதிலயிருந்து வெளிய வந்து, ஒரு ஆளுக்கு மட்டும் கோல் எடுத்துக் கதைக்கட்டாம்.”

யாருக்கு எடுப்பது? தங்கையின் போன் டிவியோடு மாட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று நித்யாவுக்கே அடித்தேன், வீடியோ இல்லாமல். நிச்சயதார்த்தப் பெண் கையில் போன் இருக்குமா? இந்தக் காலத்துப் பெண் கையில் இல்லாமல் இருக்குமா? முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

“மாமா, நான் மொபைல் டேட்டால இருக்கேன். ஸ்பீக்கர்ல போடறேன். ப்ளீஸ்... கத்தாதீங்க.”

கத்தவில்லை. “சம்பந்தி, எங்க நித்யாவ உங்க வீட்டுக்குத் தர்றதுல எனக்கு முழுச் சம்மதம். நேர்ல வர முடியாததுக்கு மன்னிச்சுக்கங்க” என்றேன்.

ஒரு செருமல் கேட்டது. “இப்பத்தான் தெளிவாக் கேக்குது. தட்ட எடுங்க” என்றார் அவர். நாதஸ்வரம் ஒலித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது; கேமரா இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

நித்யா போனைக் கட் பண்ண மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் தெளிவாகக் கேட்டது:

“மனுஷன் நல்லாத்தாங்க பேசறாரு... மூஞ்சியக் காட்டாத வரைக்கும்!”