எதிர்வீட்டில் காய்ந்த காளான்

நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களிடமிருந்து என்னை யாராவது காப்பாற்றினால் தேவலை. கெடுதல் செய்ய வருகிறவர்களைத் திட்டலாம், முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தலாம். இவர்களை என்ன செய்வது? இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் அக்கா திருச்சியில் இருக்கிறாள். பெரிய நோய் வந்து, பெரிய வைத்தியமும் நடந்தது. உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் நாக்கு ருசியை மறந்துவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஆள் பாதியாகிவிட்டாள். தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் ஒரு நாள் போனில் தானாகவே கேட்டாள்.

"நம்ம குவார்ட்டர்ஸ் பின்னால புத்துக்காளான் வருமேடி, அந்தக் குழம்பு கெடைச்சா ஒரு வாய் சாப்பிடலாம்னு தோணுது."

சாப்பிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டது அத்தனை மாதங்களில் அது ஒன்றைத்தான். பொங்கலுக்குத்தான் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு ஏது புற்றுக்காளான்? ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்தால் முளைக்கும், சில நாளில் அழுகிப்போகும். அதனால் காயவைத்து எடுத்து வைப்பது என்று முடிவு செய்தேன்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் எந்தப் புற்று எங்கே என்று எனக்கும் அக்காவுக்கும் அத்துப்படி. இன்னும் அங்கேயே குடியிருக்கும் என் பள்ளித் தோழி, மழை விட்ட காலையில் போன் செய்தாள். திருவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். குடையைப் பார்த்தால் மட்டும் போதாது, வேரைப் பார்க்க வேண்டும். நல்ல புற்றுக்காளானுக்கு வேர் நீளமாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும். வேர் அறுந்துவிட்டால் அதைத் தொடாமல் விட்டுவிடுவோம். அம்மா எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

வானம் வெளுக்கிற மாதிரி இல்லை, வெயிலை நம்ப முடியாது. என் வீட்டுக்காரர் எப்போதோ ஆன்லைனில் வாங்கி, மாங்காய் வற்றல் போட்டுப் பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றிவிட்ட காயவைக்கும் மெஷின் இருந்தது. ஓட்டைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினால், அடியில் இருக்கும் விசிறி சூடான காற்றை ஊதும். காளானைக் கழுவி, வேரை நறுக்கி எறிந்துவிட்டு, மெல்லிசாக வகிர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினேன். கீழ்த்தட்டுகள் நிறைந்தன, மேலே சில தட்டுகள் காலியாக இருந்தன. வீடெல்லாம் மழை மண் வாசனையும் நெய் வாசனையும் கலந்த மாதிரி ஒரு மணம். அக்காவுக்குப் போன் போட்டு, மோந்து பாரேன் என்றேன். சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டே எவ்வளவு நாளாயிற்று.

பாதியில் எங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. இந்தப் பக்கத்து ஃப்ளாட்டுகளில் மழை வந்தால் இது வாடிக்கை. பாதி காய்ந்த காளானை அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கே இருப்பவர் பக்கத்துப் பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மா, என்னைவிட மூத்தவர், நல்ல பழக்கம். மெஷினைத் தட்டுகளோடு தூக்கிக்கொண்டு போய் அவர் ஹாலில் வைத்து, காய்ந்ததும் சொல்லுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவரே வந்தார். ஒரு கையில் கழுவிய தட்டுகள், மறு கையில் பெரிய டப்பா. டப்பா நிறைய காளான் சருகு. நான் கொடுத்தது காய்ந்து சுருங்கினால் அதில் பாதிகூட வராது.

"மேல தட்டு காலியா கீது, கரண்டு சும்மா ஓடுதேன்னு பார்த்தேன். காம்பவுண்டு ஓரம் நெறய மொளச்சி இருந்திச்சி, பறிச்சிகினு வந்து பிச்சிப் போட்டேன். வெறுந்தட்டா எப்டிம்மா திருப்பிக் குடுக்கிறது?" என்றார்.

எங்கள் மாடியில் எந்தப் பாத்திரமும் காலியாகத் திரும்பாது. சாம்பார் போன கிண்ணத்தில் நாலு வாழைப்பழம் வரும், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது வரும். அந்த வழக்கத்தை என் காளான் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். வைத்ததோடு விட்டாரா? எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கியும் கொண்டுவந்திருந்தார். எது உங்களுடையது, எது என்னுடையது என்று கேட்டேன். எல்லாம் காளான்தானேம்மா என்றார்.

காய்ந்த காளானுக்கு முகம் கிடையாது. குடை இல்லை, வேர் இல்லை, எல்லாம் ஒரே பழுப்புச் சுருள். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளுத்ததை ஒரு பக்கமும் கறுத்ததை ஒரு பக்கமும் பிரிக்க உட்கார்ந்தார். எழுந்திருங்கள் என்றேன். பூண்டு போட்டுக் கொதிக்க வை, கறுத்தால் விஷம் என்று மாடிவீட்டிலிருந்து ஒரு யோசனை வந்தது. பூண்டு என்ன லேப் டெக்னீஷியனா? கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு மேதாவி சொன்னார். யார் சாப்பிட்டுப் பார்ப்பது, என் அக்காவா?

அத்தனையையும் குப்பைப் பையில் கொட்டினேன். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அதன்மேல் ஃபினாயிலை ஊற்றினேன். பிறகு எதிர்வீட்டுக்குப் போய், மிச்சம் வைத்திருந்தால் நீங்களும் சாப்பிடாதீர்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

"காலங்காலமா துன்னுகினு கீறோம், எங்களுக்கு ஒன்னியும் ஆவல. இன்னா, நான் வெஷம் வெச்சேன்றியா?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் படிக்கட்டு முழுக்க அதே பேச்சு. பாவம், நல்லதுக்குத்தானே செய்தார், நீ போய் ஒரு வார்த்தை சாரி சொல்லிவிடு என்று வீட்டுக்காரரே சொன்னார். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் பறித்தது நல்ல காளானாகவே இருந்திருக்கலாம். நான் அதன் வேரைப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பிழைத்து எழுந்தவளுக்கு எப்படி ஊட்டுவேன்? நஞ்சா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நான் பொல்லாதவள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தோழியைக் கேட்டேன். புற்றில் இருந்ததெல்லாம் அழுகிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றாள்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பரவாயில்லை விடு என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை எதிர்வீட்டு அம்மா ஒரு தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். நல்ல நாளும் அதுவுமாக என்ன கோபம் என்றார். வாங்கிக்கொண்டேன். நெய் வழிய, முந்திரி மின்ன, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது இனிப்பா இருக்காடி?"

இருக்கிறது என்றேன்.

சமையலறைக்குப் போய் அந்தத் தூக்கைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்தேன். மேடையில் வாழைப்பழச் சீப்பு இருந்தது, சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தூக்கை நீட்டினேன். அந்த அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அது காலியாக இருந்தது.