பிரஸ் மெஷினுக்கு வந்த பேக்கேஜ்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு சரி. பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மராத்தி பேசும் ஊரான போசரியில், ஒரு தொழிற்சாலையில் தகடு வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். அதற்குப் புது சாஃப்ட்வேர் போட, கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் கராடியிலிருந்து இரண்டு எஞ்சினியர்கள் வந்தார்கள். லேப்டாப்பிலேயே புரோகிராமை ஒரு பேக்கேஜாகக் கட்டி மெஷினில் ஏற்றிவிட்டு, ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே தடவைதான் பெடலை மிதித்தேன். பாதியில் நின்று இறங்க வேண்டிய பிரஸ் நிற்காமல் இறங்கியது. தகட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பு அச்சு, டை, இரண்டாகப் பிளந்தது. என் விரல்கள் தப்பின.

சூப்பர்வைசர் ஓடி வந்து, "காய் கேலஸ் ரே?" என்று மராத்தியில் என் மேல் பாய்ந்தார். என்ன செய்து தொலைத்தாய் என்று. மூத்த எஞ்சினியர் இந்தியில், ஆபரேட்டர் பெடலை இரண்டு தடவை மிதித்துவிட்டார் என்றான். நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் கேபினுக்குப் போனார். நான் காண்ட்ராக்ட் ஆள். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது; உடைந்த டையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

உடனே இருவரும் தமிழுக்கு மாறினார்கள். என்னைப் போல நீல யூனிஃபார்ம் சட்டை போட்ட தொழிலாளிக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்.

"எந்த வெர்ஷன்டா எடுத்த?" என்றான் மூத்தவன்.

"லேட்டஸ்ட்தான். எல்லாரும் எழுதற புரோகிராமப் போட்டு வைக்கற எடத்துலேர்ந்து அப்படியே இழுத்தேன்."

"டெஸ்ட் பண்ணி, சரின்னு டேக் போட்டு வச்சத எடுக்கணும்டா, எருமை! நேத்து எவனோ அரைகுறையா எழுதிப் போட்டதும் சேர்ந்து வந்திருக்கு."

"கத்தாத மச்சி. அதான் இந்தப் பெரிசு தலையில கட்டியாச்சுல்ல."

"நானும் தமிழ்தான்" என்றேன்.

மூத்தவன் சட்டென்று சிரித்தான். "அட, நம்மாளு! மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? பெருசு பண்ணாதீங்க. வேற எடத்துல வேலைக்குச் சொல்றேன்."

"எனக்கு இந்த வேலை போதும்."

கேபினுக்குப் போனேன். திக்கித் திணறி மராத்தியில் சொன்னேன்: டெஸ்ட் செய்து வைத்ததை எடுத்து ஏற்றச் சொல்லுங்கள், நானே மிதிக்கிறேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் ஏற்றச் சொன்னார். வேறு டை மாட்டி மிதித்தேன். பிரஸ் பாதியில் நின்று, பிறகு இறங்கியது. சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமலேயே, நாளைக்கு வா என்றார்.

"நம்மாளே காட்டிக் குடுத்துட்டான் பாரு" என்று என் காதுபடச் சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடினான் இளையவன். பழி போடும்போது நான் யாருடைய ஆளாம்?

எழுதியது மாட்டுப் பொங்கலன்று, செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்.