அட்டவணையின் முதல் வரி

தென்காசியில் சாரல் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பாதித் தூக்கத்தில் வேலை பார்ப்பதுதான். ஜன்னல் வழியாகத் துளி வந்து கீபோர்டில் விழும். மேற்கே மலை இருக்கும், கொஞ்ச நேரத்தில் இருக்காது, பிறகு மறுபடி இருக்கும். அப்படியொரு மிதப்பில்தான் அந்த வலைப்பக்கத்தைத் தொடங்கினேன். குற்றாலத்தில் ஒவ்வொரு வருடமும் முதன்முதலாக நல்ல தண்ணீர் விழுந்த நாளைக் குறித்து வைக்கும் அட்டவணை.

அதில் எழுதுபவர்கள் மூன்று பேர். நான், தெரிந்த ஆட்டோ அண்ணன், பேரருவிக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நான் வருடத்தை முதலில் போடுவேன். ஆட்டோ அண்ணன் 06/07 என்று சாய்கோடு போடுவார். அண்ணாச்சியோ 'ஆனி 22' என்பார்.

"இங்கிலீஷ் தேதி போடுங்களேன் அண்ணாச்சி."

"சாரலுக்கு ஆனி ஆடிதான் தம்பி தெரியும். ஜூன் ஜூலை எல்லாம் அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எப்படி இருக்கும்? எந்த வருடமானாலும் மாதத்தையும் நாளையும் பார்த்து, முந்தியது மேலே வர வேண்டும் என்று எழுதினேன். ஆனியைக் கண்டதும் அது செல்லாத தேதி என்றது. செல்லாததையெல்லாம் கடைசியில் தள்ளு என்று நானும் ஒரு வரி சேர்த்தேன். அண்ணாச்சியின் வரிகள் யாரும் பார்க்காத அடிமட்டத்துக்குப் போயின. சனியன் விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா பாலைவன நாட்டில் நர்ஸ். ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி விடுதியில் குளிக்கும்போது கண்ணை மூடினால் அருவிச் சத்தம் கேட்கிறது என்பாள். அந்த வருடம் ஒரு வாரம் லீவு கிடைத்தது.

"ஏலே, ஜூன்ல எடுக்கவா, ஜூலைல எடுக்கவா? ஒண்ணுதான் குடுப்பாங்க. எனக்கு அருவில நிக்கணும், அவ்வளவுதான். உன் டேபிள் என்ன சொல்லுது?"

பார்த்தேன். முதல் வரி ஆட்டோ அண்ணனுடையது, ஜூன் 7. "ஜூலைல கூட்டம் தாங்காது. ஜூன் எட்டாம் தேதியே வா" என்றேன், ஏதோ மலையே என் கணக்கில் இருப்பதுபோல.

வந்தாள். ரயிலடியில் எங்களை ஏற்றிக்கொண்டவர் அதே ஆட்டோ அண்ணன்தான். வெயில் கொளுத்தியது. வழியெல்லாம் அக்கா தலையை வெளியே நீட்டி மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பம் எதுக்குக்கா வந்திய? தண்ணி விழ இன்னும் நாள் கெடக்குல்லா."

"நீங்கதானே 06/07-ன்னு போட்டிருக்கீங்க?" என்றேன்.

"ஆமா. ஜூலை ஆறாம் தேதில்லா போட்டேன்!"

சாய்கோடு போட்ட தேதியில் மாதத்தை முதலில் படிப்பது ஜாவாஸ்கிரிப்டின் வழக்கம். எனக்குத் தெரிந்த விஷயம்தான். மிதப்பில் மறந்துவிட்டேன்.

பேரருவியில் பாறை மட்டும் இருந்தது. இவ்வளவு பெரியது என்று நான் அதுவரை அறிந்ததில்லை. ஓரமாக ஓர் ஈரக் கோடு கசிந்தது. அக்கா அதில் உள்ளங்கையை வைத்து, கனவில் நிற்பவள்போல வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தக் கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு வாரமும் வானம் வெறித்தே கிடந்தது. அவள் போய்விட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு வரியும் யார் எழுதியது என்று பார்த்துத் திருத்தினேன். ஆட்டோ அண்ணன் வரியில் நாள்தான் முதலில். அண்ணாச்சி வரியில் ஆனி பிறப்பை ஜூன் பதினைந்தாக வைத்து எண்ணிக்கொள்ள வேண்டும். ஓடவிட்டதும் 06/07-ம் ஆனி 22-ம் அடுத்தடுத்து வந்து நின்றன. ஒரே வருடம், ஒரே நாள். இருவரும் ஒரே தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவரை உச்சிக்கும் மற்றவரை அடிமட்டத்துக்கும் அனுப்பியவன் நான்.

கடைசியாக நானும் ஒரு வரி சேர்த்தேன். 'ஜூன் 8. தண்ணீர் இல்லை. அக்கா வந்திருந்தாள்.'

இப்போது தேதிகள் பிசகாமல் அடுக்கப்படுகின்றன. அதனால் பக்கத்தை எப்போது திறந்தாலும் எல்லாத் தண்ணீருக்கும் முன்னால், முதல் வரியில், அவள்தான் நிற்கிறாள்.