இடாப்பின் ஓரத்தில் எழுதிய காய்ச்சல்

மூன்று வருடங்களுக்கு முன், அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்தது இது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை என்னிடம்தான் விட்டுச் செல்வார்கள். வராத பிள்ளைக்கு இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், ஒரு கோடு போட்டால் போதும். நானோ, ஏன் வரவில்லை என்றும் ஓரத்தில் எழுதிவைப்பேன். "இது இடாப்பா, கதைப் புத்தகமா?" என்று மேலதிகாரி கேலி செய்வார். என் கை சும்மா இருந்தால்தானே!

ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் அடிக்கடி வராமல் நின்றான். சளி, காய்ச்சல், காதில் சீழ். "பனியில குல்லா போடாம தூக்கிட்டு வந்தா புள்ளைக்கு வேற என்ன வரும்?" என்று அவன் அம்மாவை எல்லோர் முன்னாலும் ஏசினேன். மறுநாள் அவள் இரண்டு குல்லா போட்டுக் கொண்டுவந்தாள்.

அப்படியும் நிமோனியா வந்து பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று இடாப்பைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஏழு மாதத்தில் பதினொரு தடவை சுகமில்லை. அதில் நிமோனியா மட்டும் மூன்று. அதே பனியில் வந்த மற்றப் பிள்ளைகளுக்கு இப்படி இல்லையே! ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் மருந்தெடுத்ததால், இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க யாருமில்லை.

இடாப்பை வெளியே கொண்டுபோகக் கூடாது. தெரிந்தேதான் பையில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன். "டாக்டரம்மா கெளம்பிட்டாங்க!" என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

ஆஸ்பத்திரியில் பையனைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் ஆர் எழுதினது?" என்றார். பிறகு பையனின் அம்மாவிடம், குடும்பத்தில் சிறு வயதில் இறந்த ஆண்பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். "ஏந் தம்பி ஒருத்தன் இருந்தான். இதே மாதிரி சளியிலதான் போயிட்டான்" என்று அவள் அழுதுவிட்டாள். ரத்தம் பரிசோதித்ததில், கிருமியை எதிர்க்கும் சக்தி பையனின் உடம்பில் பிறவியிலேயே உருவாகவில்லை, குடும்பவழியில் ஆண்பிள்ளைகளுக்கு வரும் குறை இது என்று தெரிந்தது. "குல்லாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார் டாக்டர். திரும்பி வந்து, நான் ஏசியபோது இருந்த அதே ஆட்கள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது பையன் காம்பரா முழுக்க ஓடுகிறான், அவனைப் பிடிக்க என்னால் ஆகவில்லை. அந்தச் சக்தியை மாதம் ஒரு தடவை ஊசி வழியே ஏற்றுகிறார்கள்; அதனால் மாதத்தில் அவன் பெயருக்கு ஒரே ஒரு கோடுதான் விழும். ஓரத்தில் 'பதுளைக்கு மருந்தேற்றப் போனான்' என்று பெருமையோடு எழுதும்போதெல்லாம், ஒரு தாயை ஏசுவதற்கு முன் இந்தப் பக்கங்களைப் புரட்டியிருக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.