வடிகட்டி அக்கா

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த நர்ஸை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வடிகட்டி அக்கா என்றால் லிஃப்ட்காரருக்கும் தெரியும். சுவாசக் கருவியின் குழாயில், நோயாளியின் வாயருகே, ஒரு சின்ன வடிகட்டி இருக்கும். மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புமுன் அதைக் கழற்ற வேண்டும். மறந்தால் மருந்து அதிலேயே தங்கிவிடும், நுரையீரலுக்குப் போகாது. "வடிகட்டியைக் கழட்டியாச்சா?" என்று கேட்டுக் கேட்டே அக்கா எங்கள் உயிரை வாங்குவார்.

தலையில் அடிபட்ட பஸ் டிரைவர் ஒருவர் மூன்று நாளாகக் கருவியில் இருந்தார். நெஞ்சில் இன்னும் சளி கட்டவில்லை. நிமோனியா வராமல் தடுக்க, தினம் ஒரு முறை, மூன்று நாள் ஆன்டிபயாடிக் புகை கொடுக்கச் சொன்னார் டாக்டர். மனைவி தையல்காரி. அவசரத்தில் நாங்கள் கத்தரித்த அவருடைய யூனிஃபார்ம் சட்டையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டே, "காய்ச்சல் வராதுல்ல சிஸ்டர்?" என்று கேட்பாள்.

இரண்டாம் நாள் மருந்து கொடுத்தது அக்காதான். புகை முடிந்தபோது வடிகட்டி குழாயிலேயே இருந்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"விடுங்கக்கா, யாரும் பாக்கல" என்றேன்.

"உன் வீட்டுக்காரர் படுத்திருந்தா விடுவியாடி?"

நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னார், திட்டு வாங்கினார். டாக்டர் சொன்னபடி மருந்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுத் தையல்காரியிடம் வந்தார்.

"தப்பு என்னோடதும்மா. வடிகட்டியைக் கழட்ட மறந்துட்டேன். மறுபடி குடுத்தாச்சு. ஆனாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கு."

அவள் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மருந்து வேளைக்கு முன்பே வந்து நின்றாள்.

"வடிகட்டியைக் கழட்டியாச்சா சிஸ்டர்?"

எனக்குச் சுருக்கென்றது. அக்கா கையுறைக்குள் இருந்த வடிகட்டியைக் காட்டினார்.

"முடியற வரைக்கும் நில்லும்மா. அப்புறம் புது வடிகட்டி மாட்டிட்டேனான்னும் கேளு. என்னைக் கேக்க இங்க ஆளில்ல."

முந்தின நாள் அக்கா மறந்தபோது பக்கத்திலேயே நின்றவள் நான். வெட்கமாக இருந்தது.

காய்ச்சல் வரவில்லை. மருந்து தொடங்கிய ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். டிரைவர் கரகரத்த குரலில் முதலில் கேட்டது சட்டையைத்தான். தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அடுத்த வாரம் வேறொரு நோயாளிக்கு அக்கா மருந்தை எடுத்தார்.

"வடிகட்டியைக் கழட்டியாச்சாக்கா?" என்றேன். எட்டு வருடத்தில் முதல் தடவை.

அக்கா என்னை முறைத்தார்.

"கேட்டா எப்படி எரியுதுன்னு இப்பத்தான் தெரியுது. தினமும் கேளுடி."